போத்தலில் ஒட்டிய பெயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. இதைக் கேட்டதும் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் அந்த உச்சைத் தங்களிடமே வைத்துக்கொள்ளட்டும். நான் எழுத உட்கார்ந்தது அழுவதற்கு அல்ல. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நான் இடுப்பில் கட்டிக்கொண்டு போன ஒரு சின்னப் போத்தலைப் பற்றியும், அதில் ஒட்டியிருந்த பெயரைப் பற்றியும் எழுதத்தான். அந்தப் பெயரால் என் குடித்தனமே போகப் பார்த்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம் அது. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வாடகை வீடு. ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி அதிரும். என் புருஷன் கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். பத்திரங்களில் பிழையாக விழுந்த பெயர்களைத் திருத்துவதுதான் அவருடைய வேலை. அதைப் பற்றிச் சாப்பாட்டுக்கு இருக்கும்போதுகூடப் பாடம் நடத்துவார். பிழையைச் சுரண்டக் கூடாது, மை கொட்டி மறைக்கவும் கூடாது. ஒரே ஒரு கோடு கிழிக்க வேண்டும், கீழே இருந்தது வாசிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் திருத்தினவன் தன் சுருக்கக் கையெழுத்தை வைக்க வேண்டும். "செய்தவன் ஆரெண்டு தெரியவேணும், அதுதான் முக்கியம்" என்பார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு கேட்டிருப்பேன்.

கலியாணம் முடித்து ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தில் என்னை என்ன பாடு படுத்தினார்கள் என்று சொன்னால் உங்களுக்கே கோபம் வரும். வருஷா வருஷம் கந்தசஷ்டி பிடித்தேன். ஆறு நாளும் மிளகும் தண்ணீரும். அந்த ஆறு நாளும் அவருக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டது யார்? நான்தான். பரியாரியார் தந்த கசாயத்தைக் குடித்து வாயெல்லாம் வெந்தது. மாளிகாவத்தையில் ஓதித் தந்த நூலைக் கையில் கட்டினேன். கொட்டாஞ்சேனையில் எல்லாச் சமயத்தவரும் போகிற கத்தோலிக்கக் கோவிலில் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமையாக மெழுகுதிரி கொளுத்தினேன். ஹெந்தளைப் பக்கத்து எண்ணெய்க்காரி ஒருத்தி என் வயிற்றைப் பிசைந்த பிசையலில் மூன்று நாள் நிமிர முடியவில்லை. அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நேரச் சோற்றை விடச் சொல்லிக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் செய்யச் சொன்னது மச்சாள். அவருடைய மூத்த அக்கா. தாய் செத்தபிறகு தம்பியை வளர்த்தது அவதான், அதை நான் மறுக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் புருஷனும் ஐந்து பிள்ளைகளுமாக வசதியாக இருந்தா. மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீசு வேறு. சந்திக்கிற நேரமெல்லாம் என் வயிற்றைப் பார்த்துத்தான் "வா பிள்ளை" என்பா. ஏழாம் வருஷம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அவவுடைய புருஷனின் கடைசித் தங்கை ஒருத்தி கலியாணம் ஆகாமல் அந்த வீட்டில் இருந்தாள். "பிள்ளை இல்லாட்டி என்ன, இவளை ஊருக்கு அனுப்பிப்போட்டு, புறொக்டரைப் பிடிச்சு வழக்குப் போட்டுத் தீர்த்து, அவளைத் தம்பிக்குக் கட்டிவைக்கலாம்" என்று மச்சாள் என் காதில் விழும்படியே சொல்லத் தொடங்கிவிட்டா. தை பிறந்தால் முடிவு என்றும் சொன்னா. என் புருஷன் அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கோபத்தில்தான் நான் ஒருவரையும் கேட்காமல் லேடி டொக்டரிடம் போனேன். மதராசில் படித்துவிட்டு வந்த யாழ்ப்பாணத்து மனுஷி, கொட்டாஞ்சேனையில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். இரண்டு மூன்று தரம் வரச் சொல்லி என்னை முழுக்கச் சோதித்தார். கடைசியில் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"உம்மடை மனிசனை இதுவரைக்கும் எத்தினை தரம் சோதிச்சவை?"

"அவரை ஏன் டொக்டர்? அவருக்கு ஒரு வருத்தமும் இல்லையே."

"உமக்கும் ஒரு வருத்தமும் இல்லை. அப்ப ஆருக்கு?"

வெட்கமாக இருக்கிறது சொல்ல, அந்தக் கேள்வி எனக்கே அதுவரை தோன்றவில்லை. ஏழு வருஷம் மிளகைத் தின்ற எனக்கு ஒருநாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? டொக்டர் ஒரு சின்னப் போத்தலையும் பெயர் எழுத ஒரு துண்டுக் கடதாசியையும் தந்தார். அவரிடமிருந்து என்ன வேண்டும், எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிட வேண்டும், உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். "அவருக்கு வளர்ந்த பிறகு கூகைக்கட்டு வந்ததோ எண்டும் கேட்டுக்கொண்டு வாரும். கழுத்து வீங்கிற அந்த வருத்தம், சில ஆம்பிளையளுக்குக் கீழேயும் இறங்கிப் பிள்ளை இல்லாமல் பண்ணிப்போடும்" என்றார்.

வீட்டில் அன்று நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும்.

"உமக்கென்ன விசரே?" என்றார். "நான் ஆம்பிளை. எனக்கென்ன குறை?"

"எனக்கென்ன குறை எண்டு நான் கேட்டனானே? கேக்காமல் கண்டறியாத கசாயம் எல்லாம் குடிச்சனான்."

"வெளியிலை தெரிஞ்சால் நான் கந்தோருக்கு எப்பிடிப் போறது?"

"நான் ஏழு வருஷமா ரோட்டாலை போறன். அதைப்போலத்தான் போகவேணும்."

கூகைக்கட்டைப் பற்றிக் கேட்டேன். அவருடைய முகம் வெளுத்தது. பள்ளிப் போடிங்கில் தங்கிப் படித்தபோது, பதினெட்டு வயதில் வந்ததாம். எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றார். அந்த மனுஷனுக்குத் திமிர் இல்லை, பயம் என்று அப்போதுதான் விளங்கியது. அதற்காக என் கோபம் தணிந்தது என்று நினைக்காதீர்கள்.

பத்து நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. பதினோராம் நாள் சம்மதித்தார். ஆனால் மனுஷன் நிபந்தனை போட்டார். போத்தலை நான்தான் கொண்டுபோக வேண்டும். போத்தலில் அவருடைய பெயர் இருக்கக் கூடாது. "டொக்டருக்கு நீர்தானே நோயாளி? உம்மடை பெயரிலையே போகட்டும். ஆற்றையெண்டு அவவுக்குத் தெரியும்தானே" என்றார். சரி, எப்படியாவது சோதனை நடந்தால் போதும் என்று நானும் தலையாட்டினேன். என் பிழை அது. அந்தத் துண்டில் தன் அழகான கந்தோர் எழுத்தில் எழுதினார். எழுதினது என் பெயர்கூட அல்ல. அந்தக் காலத்து வழக்கப்படி அவருடைய பெயர்தான், முன்னால் ஒரு "மிஸிஸ்". அவர் வந்து எனக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார், தன் சொந்தப் பெயரிலேயே!

காலை ரயில். போத்தலைப் பிளானல் துணியில் சுற்றி, சேலைக்குள்ளே இடுப்போடு கட்டிக்கொண்டேன். அவரும் அதே ரயிலில்தான் வந்தார். கிளாக்கர்மார் சீட்டு விளையாடுகிற பெட்டியில் ஏறினார். நான் பெண்களுக்கான பெட்டியில், இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் இருந்தேன். எதிரே இருந்த சிங்களத்து மனுஷி ஒருத்தி என்னைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பொறுக்காமல் "மொகத நோனா, படே அமாருத?" என்றாள். வயிற்று வருத்தமா என்று கேட்கிறாள். "நே, நே" என்றேன். அவள் நம்பவில்லை. என் வயிற்றைப் பார்த்துச் சிரித்து, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பதுபோல் ஒரு தோடம்பழத்தைக் கையில் வைத்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பத்திக்கொண்டும் வந்தது. கோட்டையில் இறங்கும்போது அவர் முன்னால் நடந்துபோகிறதைக் கண்டேன். தொப்பியும் குடையுமாக, ஒரு தரமும் திரும்பாமல். நான் ரிக்‌ஷா பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். டொக்டர் துண்டை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

துண்டில் உள்ள பெயருக்கே பதில் ஒரு கிழமையில் வரும் என்றார்கள். வரவில்லை. அதற்குள் மச்சாளின் கடைக்குட்டிக்குப் பல் முளைத்து, பல்லுக்கொழுக்கட்டை கொட்ட நாள் வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. முதல் பல் கண்டதும் பிள்ளையைப் பலகையில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, அவித்த கொழுக்கட்டையைச் சுளகால் தலையில் கொட்டுவார்கள். பிள்ளைக்கு முன்னால் ஒரு தட்டில் புத்தகம், பேனை, நகை எல்லாம் வைப்பார்கள். எதைத் தொடுகிறதோ அதன்படி ஆளாகுமாம். தட்டில் வைக்க என் புருஷனுடைய பேனையைத்தான் மச்சாள் வாங்கி வைத்தா, அரசாங்க உத்தியோகப் பேனை என்று. போனவுடனேயே எனக்குச் சட்டம் சொல்லிவிட்டா. "தாய்மாமன்தான் முதல் கொட்டவேணும், தம்பி கொட்டட்டும். நீ குசினியிலை நில் பிள்ளை. குறை நினையாதை, பிள்ளை பெத்தவைதான் கொட்டுறது."

தேங்காய்ச் சொட்டு நறுக்கிக்கொண்டு குசினியில் நின்றேன். பக்கத்தில் அந்தத் தங்கைக்காரி, புதுச் சேலை கட்டி, தலைகுனிந்து. அப்போது வெளியிலிருந்து மச்சாள் என்னைக் கூப்பிட்டா. குரலிலேயே தெரிந்தது, கையில் ஏதோ அகப்பட்டுவிட்டதென்று. கூடத்துக்கு வந்தேன். ஏழெட்டுப் பெண்கள், என் புருஷன், பலகையில் பிள்ளை. மச்சாளின் கையில் ஒரு கடிதம். பிள்ளையின் இருமலுக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில், டிஸ்பென்சரிக் கொம்பவுண்டர் "உங்கடை தம்பி வீட்டுக் கடுதாசி" என்று அவவிடம் கொடுத்துவிட்டான். அவ உடைத்தும் பார்த்துவிட்டா.

"நான் பேசாமல் விட்டிருப்பன்" என்றா எல்லாரையும் பார்த்து. "ஆனா என்ரை தம்பியின்ரை வாழ்க்கை. கேளுங்கோ. மிஸிஸ் எண்டு பெயர் போட்டிருக்கு. அனுப்பின மாதிரியிலை உயிரோடை ஒண்டும் காணேல்லையாம். பிள்ளை உண்டாக வழியில்லையாம். மூண்டு வரி. டொக்டரே எழுதிக் குடுத்திட்டா."

அந்த மூன்று வரியை நானும் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறேன். அவரும்தான். அவர் சுவரோடு நின்றார். எனக்கு அழுகை வரவில்லை. ஏழு வருஷத்துக் கசாயமும் ஒரே மிடறாகத் தொண்டைக்கு வந்தது.

"மச்சாள், அந்தப் போத்தல் என்ரை இல்லை" என்றேன். "ஆற்றையெண்டு உங்கடை தம்பியைக் கேளுங்கோ."

"பாத்தீங்களே! தன்ரை குறையை மறைக்க என்ரை தம்பியிலை பழி போடுறாள். கடுதாசியிலை உன்ரை பெயர் கிடக்கு!"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் என்ன? ஒருத்தரும் நம்பப் போவதில்லை. கடிதம் என் பெயரில் இருக்கிறது. வாய் திறக்க வேண்டியவர் ஒருவர்தான். அவர் திறக்காவிட்டால் தை பிறக்க நான் ஊருக்கு, யாழ்ப்பாண ரயிலில். எனக்குப் பிறகு குசினியில் நிற்கிற அந்தப் பெட்டை வருவாள், அவளும் ஏழு வருஷம் மிளகு தின்பாள், அவளையும் மலடி என்பார்கள்.

"இஞ்சாருங்கோ" என்றேன் அவரைப் பார்த்து. "வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையே வைச்சிருக்கிறியள்?"

ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. எனக்கு அது இன்னொரு ஏழு வருஷம். பிறகு மெல்ல வந்து, குனிந்து, பிள்ளைக்கு முன்னால் இருந்த தட்டிலிருந்து தன் பேனையை எடுத்தார். அக்காவின் கையிலிருந்து கடிதத்தை வாங்கினார். பலகை ஓரத்தில் குந்தியிருந்து, முழங்காலில் வைத்து, "மிஸிஸ்" என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு கிழித்தார். மேலே "மிஸ்டர்" என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வைத்தார். மை காய ஊதினார்.

"துண்டிலை பெயரைப் பிழையா எழுதினது நான்" என்றார். "போத்தல் என்ரை. குறையும் என்ரை."

"எடேய், உனக்கென்ன விசரே?" மச்சாள் அவருடைய வாயைப் பொத்தப் போனா. "இத்தினை பேருக்கு முன்னாலை..."

"அக்கா, எனக்குக் கூகைக்கட்டு வந்த நேரம் போடிங்கிலை இருந்து கூட்டிவந்து பாத்தது நீங்கள்தானே? கழுத்திலை மட்டுமே வீங்கினது? சொல்லுங்கோ."

மச்சாள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. அவவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு இவ்வளவு காலமும் என்னைக் கோவில் கோவிலாக ஓடவிட்டாவோ, தெரிந்ததைத் தனக்கே தெரியாமல் மூடி வைத்திருந்தாவோ, அதை நான் இன்றுவரை கேட்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

பிள்ளை அழத் தொடங்கியது. நல்ல நேரம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். நான் போய்ச் சுளகைத் தூக்கினேன். மச்சாள் எழும்பி மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டா. இவ்வளவுக்குப் பிறகும்!

"விடுங்கோ அக்கா" என்றார் அவர். "குறை உள்ள நான் கொட்டலாம், குறை இல்லாத அவ கொட்டக் கூடாதோ? இது எந்த ஊர் நியாயம்?"

மச்சாள் கையை எடுத்தா. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கொட்டினோம். பிள்ளை அழுகையை விட்டு, தலையில் விழுந்த கொழுக்கட்டை ஒன்றைப் பிடித்து வாயில் வைத்தது. திரும்ப வைத்த பேனையை அது பார்க்கவேயில்லை.

கால் கழுவப் பின்பக்கம் போனபோது அந்தத் தங்கைக்காரி பின்னாலேயே வந்தாள். "அக்கா, என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை" என்றாள். "என்னட்டையும்தான்" என்றேன்.

திரும்பி வரும்போது ரயிலில் இரண்டு பேரும் ஒரே பெட்டியில் இருந்தோம். கொள்ளுப்பிட்டி தாண்டும்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் எழுதமாட்டன் எண்டு நினைச்சனீரோ?" என்றார்.

"ஓம்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார்.

அதற்காக நான் உருகிப் போனேன் என்று எழுதினால் பொய். "ஏழு வருஷம் பிந்தி எழுதினியள்" என்றேன். "ஓம்" என்றார். அந்த ஓம் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு சோதனையை வைத்துச் சொல்லக் கூடாது, இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். இரண்டு மாதம் கழித்து இன்னொரு போத்தல். இந்த முறை துண்டில் "மிஸ்டர்" என்று பெரிதாக எழுதி, பிளானலில் சுற்றி, சட்டைக்குள்ளே தன் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டார். நான் பெண்களின் பெட்டியில் ஏறவில்லை. சீட்டு விளையாடுகிற பெட்டியில் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். கிளாக்கர்மார் எல்லாரும் நெளிந்தார்கள்.

"என்ன மச்சான், வயித்தைப் பிடிச்சுக்கொண்டு? லீவோ இண்டைக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓம், அரை நாள் லீவு. டொக்டரிட்டைப் போறம்" என்றார். "எங்களுக்குப் பிள்ளை இல்லைத்தானே. என்னைச் சோதிக்கினம்."

சீட்டுப் போட நீட்டின கை நீட்டினபடியே நின்றது. பம்பலப்பிட்டியிலிருந்து கோட்டை வரை அந்தப் பெட்டியில் ஒருத்தரும் சீட்டு இறக்கவில்லை. அவருடைய காது சிவந்திருந்தது. ஆனால் முகத்துக்கு முன்னால் பேப்பரைப் பிடிக்கவில்லை.

பதிலை டொக்டர் இந்த முறை அவர் கையிலேயே கொடுத்தார். அதே மூன்று வரி. மருந்து இல்லை என்றும் சொன்னார். டிஸ்பென்சரி வாசலில் நின்று அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு நாலாக மடித்து என்னிடம் நீட்டினார்.

"இதை நீர் வைச்சிரும். ஆரும் உம்மை ஏதும் கேட்டால் எடுத்துக் காட்டும்."

"நான் ஏன் காட்டவேணும்?" என்றேன். "கேக்கிற ஆக்களை உங்களிட்டை அனுப்புறன்."

அவர் அதைத் திரும்ப வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.